விட்டுப்போன வரி

பீரோவின் மேல்தட்டிலிருந்து வெள்ளை வேட்டியை இழுத்தபோது பித்தளை உருளையும் சேர்ந்து வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஹரிதா குனிவதற்குள் அது அறையைத் தாண்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவே உருண்டு, அண்ணன் சசிதரைக் கிடத்தியிருந்த பெஞ்சின் காலில் முட்டி நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பட்டறை மேஸ்திரி காளிச்சாமி அதை எடுத்து விரல்களுக்கிடையே திருப்பிப் பார்த்தார்.

"என்ன அம்மணி இது, மெஷினுக்குப் போடற புஷ்ஷா? சுத்தியும் நம்பர் அடிச்சிருக்குது?"

"அண்ணன் செஞ்சதுங்க. வெளையாடறதுக்கு."

"இருபது பட்டை. ஒண்ணுகூடக் கோணல பாரு." சட்டை முனையில் துடைத்து அவளிடம் கொடுத்தார். பிறகு வேட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். "நாலு மணிக்கு எடுத்தரலாமுன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடு கண்ணு."

அப்பா வேங்கடசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், சாத்தியிருந்த பட்டறை ஷட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பம்புசெட்டுக்கு ஃபுட்வால்வு செய்கிற பட்டறை. மகனுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, "ஊருக்கெல்லாம் வால்வு போட்டுக் குடுக்கற ஊட்டுல எனக்கு மட்டும் ரிப்பேர் பாருங்க" என்று சசிதர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா சிரித்ததில்லை.

நாலு மணி என்று ஹரிதா சொன்னாள். சரி என்றார்.

காலை ஆறரைக்குச் சசிதரின் உயிர் போயிருந்தது. இருபத்தைந்து வயது. எப்போதும் தமிழில் திட்டுகிற அம்மா ரங்கம்மாள் காலையிலிருந்து தெலுங்கில் அழுதுகொண்டிருந்தாள். ஹரிதாவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. உள்ளங்கையில் பித்தளை சில்லென்று இருந்தது.

மூன்று வருஷமாக ஞாயிறு மதியங்களில் மூன்று பேர் விளையாடினார்கள். சசிதர், ஹரிதா, சசிதரோடு படித்த ஆஸிம். பலகை கிடையாது. ஆளுக்கொரு வீரனோ மந்திரவாதியோ காகிதத்தில் இருப்பான். கதையைச் சசிதர் சொல்வான். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று மற்ற இருவரும் சொல்ல வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பதை உருளை முடிவு செய்யும். இருபது முகப் பகடைக் கட்டை கோயமுத்தூரில் கிடைக்காததால் சசிதர் பித்தளைக் கம்பியில் பட்டை போட்டான். சுவரில் முட்டினால்தான் அது நிற்கும்.

விதிப்புத்தகம் ஆஸிமின் பெரியப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் காந்திபுரத்தில் ஜெராக்ஸ் எடுத்தார்கள். கடைக்காரர் புத்தகத்தை ஒரு விரல் தள்ளி வைத்துவிட்டார். நூற்றுச் சொச்சம் பக்கங்களிலும் அடியில் ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தார்கள்.

"உட்டுப்போன வரிக்கெல்லாம் இனி நான்தான்" என்று சசிதர் சொல்லிவிட்டான்.

ஹரிதாவின் ஆள் அமுதவல்லி. வீரமும் மந்திரமும் இரண்டும் அவளுக்கு உண்டு. புத்தகத்தில் இருந்த 'கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஹரிதா முதலில் 'வகுப்பு' என்று எழுதினாள். "ரெண்டு வகுப்பா? எந்தத் தாசில்தார் சர்டிபிகேட் குடுப்பாரு?" என்று ஆஸிம் கேட்டதும் 'தொழில்' என்று மாற்றினாள். ஆயுதப் பயிற்சிக்குப் பட்டறைச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். கைப்பழக்கம்.

போன ஞாயிறு அமுதவல்லியின் வாள் உடைந்தது. கீழே கிடந்த ஈட்டியை எடுத்தாள். ராட்சதன் ஒருவன் ஆஸிமின் ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியிருந்தான். உருளையில் பதினான்காவது வந்தால் ஈட்டி பாயும். பதினேழு வந்தது.

ஆனால் ஈட்டியில் அவளுக்குக் கைப்பழக்கம் இல்லை. பழகாத ஆயுதத்தை எடுத்த வீரனுக்கு, விழுந்த எண்ணில் இரண்டு கழிக்க வேண்டும், மந்திரவாதிக்கு ஐந்து. இரண்டுமாக இருப்பவளுக்கு எவ்வளவு என்பது விட்டுப்போன வரியில் இருந்தது.

"அஞ்சு கழி" என்றான் சசிதர், தலையணையில் சாய்ந்தபடி.

"ரெண்டு. அவ வீரந்தானே?"

"பாதி நாள் மந்திரம் படிச்சுட்டுக் கெடந்தவ அம்மணி. லேத்தும் வெல்டிங்கும் ரெண்டும் பாக்கறவனை மில்லிங் மெஷின்ல நிறுத்திப் பாரு. வெரல் போயிரும்."

"வெல்டிங் கத்துக்கிட்டா லேத்து மறந்துருமா?"

"அஞ்சுன்னா அஞ்சு."

பன்னிரண்டுதான் மிஞ்சியது. ஆஸிமின் ஆள் செத்தான். ஆஸிம் சிரித்துக்கொண்டே தன் காகிதத்தை மடித்தான். ஹரிதாதான் எழுந்து நின்று, "சீக்காளின்னா எல்லாரும் உனக்கு உட்டுக் குடுக்கோணுமா?" என்று கேட்டாள்.

சசிதர் உருளையைத் துணியில் சுற்றினான்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாத்திரையையும் கஞ்சியையும் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். இன்று வியாழன்.

ஆஸிம் மூன்று மணிக்கு வந்தான். செருப்பை விட்டுவிட்டுப் பெஞ்சின் அருகே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து பின் அடித்த காகிதச் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"ஹரிதா, இது உங்களுக்குங்க."

"என்னதுங்கண்ணா?"

"ஃபேக்ஸ். அந்தப் பக்கத்தோட கடைசி வரி. செவ்வாக்கெழம சசி எங்க கடைக்கு ஃபோன் பண்ணி, ஷார்ஜால கேட்டு வாங்கிக் குடுன்னாப்ல. 'ஹரிதா பேச மாட்டேங்கறாடா'ன்னாப்ல." அவன் தரையைப் பார்த்தான். "சேதி கேட்டுக் கடையில இருந்து கெளம்பிட்டிருந்தேன். அப்பத்தான் மெஷின் கத்துச்சு."

"நீங்க படிச்சீங்களா?"

"இல்லீங்க. மொதல்ல உங்க கையிலதான் குடுக்கோணும்னு சொல்லியிருந்தாப்ல."

கூடத்திலிருந்து யாரோ ஹரிதாவைக் கூப்பிட்டார்கள். சுருளை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வாய்க்கரிசி போட்டாள். நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். தூக்கியவர்களில் பின்னால் இடப்பக்கம் ஆஸிமின் நீலச் சட்டை தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் கூடத்தைக் கழுவிவிட்டு, சசிதர் கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள். ஹரிதா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு சசிதரின் அறையில் நின்று பின்னைக் கழற்றினாள்.

பளபளப்பான காகிதம். நடுவில் ஒரே ஒரு வரி. இரண்டு தொழில் உடையவருக்கு இரண்டில் எது குறைவோ அதையே கழிக்க வேண்டும். அதன் கீழே ஷார்ஜாவிலிருந்து அனுப்பியவர் பேனாவால் எழுதியிருந்தார்: 'சண்டை தீர்ந்ததா? சசியைச் சீக்கிரம் எழுந்து உட்காரச் சொல்.'

பதினேழில் இரண்டு போனால் பதினைந்து. பதினான்கு போதும். இயற்பியல் படித்தவள், இந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டாள்.

ஆறு மணிக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆஸிம் மட்டும் கேட்டருகே நின்றான். ஹரிதா படி இறங்கிப் போனாள்.

"என்னங்க போட்டிருந்துச்சு?"

அவன் கண்கள் புகையில் சிவந்திருந்தன. முழங்கை வரை ஈரம்.

"அஞ்சுதானுங்க" என்றாள். "அண்ணன் சொன்னதுதான் சரி."

ஆஸிம் தலையாட்டினான். கேட்டின் கொக்கியைத் தூக்கினான், மறுபடி போட்டான்.

"அப்ப நம்மாளு போனது போனதுதான்."

"ஆமாங்க."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கே போய்த்தான் உதைத்தான்.

கூடத்தில் யாரும் இல்லை. அம்மாவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். ஹரிதா விளக்கின் முன்னால் உட்கார்ந்து, சுருளை விரித்து, இரண்டு கையாலும் சுடருக்கு மேலே பிடித்தாள். காகிதம் பற்றிக்கொள்ளவில்லை. சூட்டில் எழுத்து விழுகிற ஃபேக்ஸ் காகிதம்; சூடு பட்ட இடமெல்லாம் கருத்தது. முதலில் பேனா எழுத்து, பிறகு அந்த வரி. கருப்பு மெதுவாக ஓரம் வரை பரவியது.

விரல் சுட்டபோது எடுத்துவிட்டாள். ஜெராக்ஸ் கட்டைத் தேடி, அந்தப் பக்கத்தைப் பிரித்து, அடியில் வரி விட்டுப்போன இடத்தில் கருப்புக் காகிதத்தைப் பொருத்தி வைத்து மூடினாள்.