கென்னத் திட்டிய இடம்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுக லோரிகளுக்கு ஷிப்ட் போடும் மென்பொருளை விவியனும் அவள் தம்பி கென்னத்தும் சேர்ந்து எழுதினார்கள். போன வருஷம் கென்னத் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டான்.

நிரலை ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் வைத்திருந்தார்கள். எல்லாருடைய நிரலையும் இனி தன் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குத் தீனியாக்கப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்ததும் விவியனுக்கு ரத்தம் கொதித்தது.

"நாங்க எழுதினது லா! எடுக்க இவனுங்க யாரு?"

வீட்டிலிருந்த பழைய கணினியில் யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய திறமூலத் தளம் ஒன்றை நிறுவி, நிரல் முழுவதையும் அங்கே கொண்டுவந்தாள். ஒரு வரிகூடக் குறையவில்லை. அதே வேகத்தில் கம்பெனித் தளத்திலிருந்த கணக்கை அழித்தாள்.

பிறகுதான் உறைத்தது. அவள் எழுதிய வரிகளுக்குக் கீழே கென்னத் போட்ட குறிப்புகள் நிரலுக்குள் இல்லை. அவை கம்பெனியின் பக்கத்தில் மட்டுமே இருந்தவை.

"அக்கா, நாப்பதாவது வரி தப்பு லா. போய் சாப்பிட்டுட்டு வந்து பாரு."

ஏழு வருஷத்துத் திட்டு. கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சினாள். அழித்தது அழித்ததுதான் என்று பதில் வந்தது.

விவியன் புதிய தளத்தைத் திறந்து, நாற்பதாவது வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போட்டாள். கீழே குறிப்புப் பெட்டி காலியாகக் கிடந்தது. சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.