கப்பல் படத்தின் இரண்டு முடிவுகள்

பாலசுப்பிரமணியனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் கார்ட்டூன் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. வண்ணார்பேட்டையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மனுஷர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். சிரிப்பதற்குக்கூட மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கிற முகம். மழைக்கு முன்னால் மரக்கிளை வெட்ட ஒருநாள் மின்தடை என்று அறிவித்தால் அறிவித்ததுதான். அந்தத் தேதியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் பழத்தட்டோடு வாசலில் வந்து நின்றபோதுகூட, "ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்" என்று சொல்லித் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு தூர்தர்ஷனில் அந்தப் படம் வரும். எந்த நாட்டுக்காரர்களோ வரைந்தது, இந்தியில் பேசும். அதன் பெயர் இந்தியில் நீளமாக இருந்ததால் வீட்டில் 'கப்பல் படம்' என்று வைத்துக்கொண்டார்கள். சூரியன் அணைந்துபோன ஒரு தூரத்துக் கிரகத்துக்கு வெளிச்சம் தரும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் போகிறது. ஓட்டுகிறவள் ரோஷ்னி என்கிற சின்னப் பெண். கூடவே முசுட்டுக் கேப்டன் ஒருவர், ஆறு கைகளோடு ஓர் இயந்திர மெக்கானிக். மகள் சித்ரலேகா கண் கொட்டாமல் பார்ப்பாள். "பொம்மைப் படம் பாக்குற வயசா ட்டி இது?" என்று இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து வாரம் தவறாமல் கேட்பார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆகஸ்டில் சித்ரலேகா கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் கடிதம் வந்தது.

"அப்பா, எனக்கு இங்க ஒத்துக்கல. சாப்பாடு இறங்க மாட்டேங்கு. யாரும் பேச மாட்டேங்காங்க. பெட்டியில இருந்து துணியைக்கூட எடுத்து அடுக்கல. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

அவர் நாலு பக்கத்துக்கு அறிவுரை எழுதிப் போட்டார். பதில் இல்லை. போனில் பேசலாம் என்று விடுதிக்குக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் சங்கரி அழுதாள், நடுவில் இவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு தடவையோடு அதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சங்கரி பழக்கதோஷத்தில் டி.வி.யைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பேப்பரைக் கீழே இறக்கினால் திரையில் ஆறு கைக்காரன் மின்பெட்டியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற லைனில் கையை விடுகிறான்! பாலசுப்பிரமணியன் எழுந்தே விட்டார். "லேய், லைனை ஆஃப் பண்ணுலே!" பொறி பறந்தது, ஆறு கையும் கருகியது, அதோடு தொடரும் போட்டுவிட்டான்.

அன்றைக்கு மகளுக்கு எழுத உட்கார்ந்தபோது கைவசம் அறிவுரை எதுவும் மிச்சமில்லை. ஆகவே அந்த மெக்கானிக்கைத் திட்டி ஒரு பக்கம் எழுதினார். லைன் கிளியர் வாங்காமல், அதாவது மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று எழுத்தில் உறுதி பெறாமல், ஒருவன் வேலையில் கை வைக்கலாமா? அப்படி ஒருவனை என் செக்‌ஷனில் வைத்திருப்பேனா?

நாலாவது நாளே பதில் வந்துவிட்டது.

"ஆறு கைக்காரன் பிழைச்சுக்கிட்டானா? ரோஷ்னி என்ன செஞ்சா? கேப்டன் கோவப்பட்டாரா? இங்க ஞாயித்துக்கிழமை டி.வி. ரூம் பூட்டித்தான் கெடக்கு. வாராவாரம் பாத்து எழுதுங்கப்பா. கப்பல் படம் முடியுற வரைக்கும் இங்க இருந்து பாக்கேன். முடிஞ்சதும் நீங்க வந்து கூட்டிட்டுப் போயிரணும், மறுபேச்சு பேசக்கூடாது."

சங்கரி அதை இரண்டு தரம் படித்தாள். "எத்தனை வாரம் வருமாம்?"

"இருபத்தாறு வாரமாம். பதினெட்டு முடிஞ்சுட்டு."

"அப்போ இன்னும் எட்டு வாரம் பிள்ளை படிப்பா" என்றாள் சங்கரி. அவருக்கும் அவ்வளவுதான் கணக்கு. எட்டு வாரத்துக்குள் மனசு மாறிவிடாதா என்று ஒரு நப்பாசை. 'சரி, வாக்கு' என்று எழுதிப் போட்டார்.

ஆனால் அவருக்கு இந்தி தெரியாது. அடுத்த வீட்டு அசன் மைதீனுக்குத் தெரியும். பதினைந்து வருஷம் பம்பாய் ஜவுளி மார்க்கெட்டில் இருந்துவிட்டு வந்து, இங்கே ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கென்ன அண்ணாச்சி, நான் வந்து சொல்லுதேன்" என்றவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். சங்கரியின் உளுந்தவடைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. திரையில் இரண்டு நிமிஷம் பேசினால் அசன் மைதீன் இரண்டே வார்த்தையில் முடிப்பார். "கேப்டன் வையுதான்." "பிள்ளை மாட்டேங்கா."

"அவ்வளவுதானாவே? இவ்வளவு நேரம் பேசுனானே?"

"மத்ததெல்லாம் சும்மா, அண்ணாச்சி."

பாலசுப்பிரமணியன் மடியில் ஒரு நோட்டை வைத்துக் குறிப்பெடுத்தார். விண்கல் மழையில் முழு வேகத்தில் போகச் சொன்ன கேப்டனுக்கு இவர் மெமோ கொடுத்தார், கடிதத்தில்தான். ரோஷ்னி தூங்காமல் முப்பது மணி நேரம் ஓட்டினாள் என்றதும், ஷிஃப்ட் மாற்ற ஆள் வைக்காதது நிர்வாகத்தின் குற்றம் என்று எழுதினார். கப்பல் கிரகத்தில் இறங்கிய வாரம்தான் மனுஷருக்கு என்னவோ ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து வெளிச்சமே பார்த்திராத குழந்தைகள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருட்டில் வரிசையாக நடந்து வந்தன. அசன் மைதீன் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சித்ரா," என்று அன்றைக்கு எழுதினார், "எழுபத்தொன்றில் பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஊருக்கு முதன்முதலாக லைன் இழுத்தோம். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்னப் பிள்ளை பல்பைப் பார்த்துக் கும்பிட்டது. உன்னிடம் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை." கீழே வழக்கம்போல் ஒரு குறையும் இருந்தது. "இயந்திரத்தை மாட்டிவிட்டால் ஆயிற்றா? நாளைக்கு ஒரு ஃபியூஸ் போனால் அங்கே யார் இருக்கிறார்கள்? அதைப் பற்றி யாருமே பேசக் காணோம்."

அசன் மைதீனிடமும் இதையேதான் புலம்பினார். "பாத்துக்க ஒரு ஆள் வேணும்லாவே?"

அவளும் ஓயாமல் பதில் போட்டாள். முதலில் கேப்டனைப் பற்றி மட்டும் கேட்டவள் பிறகு, அப்பாவின் கடிதத்தைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினதாக எழுதினாள். பெட்டியைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

இருபத்தைந்தாவது வாரம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி என்று காட்டிவிட்டார்கள். சங்கரி காலண்டரைப் பார்த்தாள். "ஏங்க, அன்னைக்குத்தான நீங்க கரண்டை நிப்பாட்டுதீங்க?"

ஆமாம். வண்ணார்பேட்டை முழுக்க, ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை. அறிவிப்பு பேப்பரில் வந்தாகிவிட்டது.

"ஒரு வாரம் தள்ளி வச்சா என்னங்க? பிள்ளை காரியம்லா."

பாலசுப்பிரமணியன் நோட்டை மூடினார். அவருக்கும் ஆசைதான். "கல்யாண வீட்டுக்காரர்ட்ட முடியாதுன்னுட்டேன் சங்கரி. இப்போ பொம்மைப் படம் பாக்கணும்னு தள்ளி வைக்கவா?" கரண்ட் இல்லாததால் கடைசி வாரத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்று மகளுக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார்.

அசன் மைதீன்தான் வழி சொன்னார். "பத்தமடையில தங்கச்சி ஆபிதா பீவி வீடு இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன். ஒரு வார்த்தை விடாம ஒப்பிக்கேன், போதுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பாலசுப்பிரமணியன் ஒரு வாகை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மேலே ஆட்கள் கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தேகால், பத்தரை என்று மணியைப் பார்த்தார். ரோஷ்னி வீட்டுக்குத் திரும்பினால் தன் மகளும் திரும்பிவிடுவாள் என்று எப்படியோ மனசில் விழுந்துவிட்டது. படித்த மனுஷர், இப்படி ஒரு பொம்மையோடு மகளை முடிச்சுப் போடலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

நாலு மணிக்கு அசன் மைதீன் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே இவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வெளிச்சம் வந்துட்டு அண்ணாச்சி. பிள்ளைகள்லாம் ஒரே ஆட்டம்."

"ரோஷ்னி?"

"அவ போகலை. கேப்டன் கூப்பிடுதான், மாட்டேங்கா. மெஷினைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்லா, நான் இங்கனயே இருக்கேன், கத்துக் குடுக்கேன்னுட்டா. கப்பல் அவ இல்லாம போவுது."

பாலசுப்பிரமணியனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேம்லா!" என்று சங்கரியைப் பார்த்துச் சிரித்தார். காப்பி ஆறுவதற்குள், யார் எங்கே பார்த்தது என்பதைக்கூடச் சொல்லாமல், இரண்டு பக்கம் எழுதி, மறுநாள் முதல் தபாலிலேயே சேர்த்தார்.

புதன்கிழமை அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதியது.

"அப்பா, உங்களுக்கு இன்னைக்கு கரண்ட் இருக்காதுல்லா, அதனால நானே பாத்து எழுதுதேன். உங்க கடிதத்தைக் கேட்டுக் கேட்டு எங்க மாடியில எல்லாருக்கும் கடைசி வாரத்தைப் பாக்கணும்னு ஆயிட்டு. பதினெட்டுப் பேர் வார்டன்ட்டப் போய் நின்னோம். டி.வி. ரூமைத் திறந்து விட்டுட்டாங்க. கிரகத்துல வெளிச்சம் வந்ததும் ரோஷ்னி கப்பலைத் திருப்பிட்டா. நேரே வீடு. அவ அம்மா கதவைத் திறக்காங்க, அதோட முடிஞ்சுட்டு. நான் அழுதுட்டேன். மிச்சம் அடுத்த கடிதத்துல."

அவர் அதைப் பிடித்தபடியே அசன் மைதீன் கடைக்கு நடந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம். கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"என்னவே இது?"

அசன் மைதீன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன் அண்ணாச்சி. உள்ளதைச் சொன்னா நம்ம பிள்ளை மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வந்துரும். நீங்கதான் ஆள் வேணும், ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அதையே சொல்லிப்புட்டேன்."

"நான் என் கைப்பட எழுதிப் போட்டுட்டேனே. இதுவரைக்கும் பிள்ளைட்ட ஒரு பொய் சொன்னதில்லவே."

"உங்களுக்குத் தெரியாதுல்லா, அண்ணாச்சி. பாவம் என்னோடது."

கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. பதினைந்து மைல் பஸ்ஸில் போய்த் தன் மகளுக்காகப் பொய் யோசித்து வந்த மனுஷரை என்னவென்று ஏசுவது? வீட்டுக்கு வந்து சங்கரியிடம், "சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் பாக்கணும், கூட்டிட்டு வாரேன்னு வாக்கு குடுத்தாச்சு" என்றார். சங்கரி துடைப்பத்தை எடுத்தாள். மகள் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டாள்.

சனிக்கிழமை அவர் பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வந்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு, உங்க முடிவு வந்து சேர்ந்துச்சு. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. கரண்டே இல்லாம எங்க பாத்தாருன்னு யோசிச்சேன். 'பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்' என்கிற வரியைப் படிச்சதும் இது நீங்களே எழுதுன கதைன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்லப்பா. எனக்காக ஒண்ணு சொல்லியிருக்கீங்க. மாடியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். டி.வி.யில வந்ததைவிட இதுதான் நல்லா இருக்குன்னு கையைத் தூக்கிட்டாங்க. நானும் தூக்கினேன். அவ்வளவு தூரம் போய் லைட்டைப் போட்டவ உடனே திரும்பிட்டா, ஃபியூஸ் போனா யாரு போடுவா? நீங்க என்னைக் கூப்பிட வர வேண்டாம். வந்தா பத்தமடைப் பாய் ஒண்ணு கொண்டுவாங்க. இங்க கட்டில் மெத்தை ரொம்பச் சூடு, நான் தரையிலதான் படுக்கப்போறேன். நாலு வருஷத்துக்குத் தாங்குறதா பாத்து வாங்குங்க."

அவர் கடிதத்தைச் சங்கரியிடம் கொடுத்துவிட்டு, பேனாவையும் வெள்ளைத்தாளையும் எடுத்து உட்கார்ந்தார். "சித்ரா, அந்தப் பொய் என்னுடையது அல்ல" என்று ஒரு வரி எழுதினார். எழுதிய வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பொய் தன் பேரிலேயே இருக்கட்டும் என்று தாளை மெல்லத் துண்டு துண்டாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னத்தங்க கிழிக்கீங்க?" என்றாள் சங்கரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல" என்று ஒரே நாளில் இரண்டாவது பொய்யையும் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். "வே, பாய்! தங்கச்சி வீட்டுக்கு இப்போ பஸ் இருக்காவே? ஒரு பாய் வாங்கணும். நாலு வருஷம் தாங்கணும்."