மெஷினை வேலை வாங்கிய குற்றம்

ஜுபைதா டீச்சருக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் சாக்பீஸ் இரண்டாக உடையும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் 1987 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த நாலாம் நாள், கம்ப்யூட்டர் ரூமில் அவளுக்கு வந்த கோபத்துக்கு உடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தூள் பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று அந்த ரூமுக்குள் சாக்பீஸே கொண்டுபோகக் கூடாது. செருப்பையும் வாசலில் விட்டுவிட வேண்டும். அதனால் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் நின்று, எதிரே நின்றவரின் கேள்வியைக் காதில் வாங்கினாள்.

"பாட்டு நல்லா இருக்குதுங்க டீச்சர். வேலை எங்க?"

கேட்டவர் ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி மாதேஸ்வரன். மெஷின் பாடிய பாட்டை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார். அவள் ஒற்றைத் தாளை நீட்டினாள். அதில் பதினொரு வரி இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

அந்த ‘இவ்வளவுதானா’ அவளை என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால், கண்ணுகளா, அந்தப் பதினொரு வரி எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் சில பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நின்று போகிற ஊரில் இருந்த இந்தப் பள்ளிக்கும் ஒன்று வந்தது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, டி.வி. மாதிரி ஒரு பெட்டி, கர்ரென்று இரைந்துகொண்டு காகிதத்தில் அச்சடிக்கிற இன்னொரு பெட்டி. ஹெட்மாஸ்டர் சின்னப்பன் மூன்றையும் துணி போட்டு மூடி ரூமைப் பூட்டினார். முதல் வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி. கணக்கு டீச்சரான ஜுபைதாதான் போய்ச் சாவி கேட்டாள். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை கேட்டாள்.

மெஷினோடு லோகோ என்று ஒரு பாஷை வந்திருந்தது. திரையில் ஆமை ஒன்று ஊர்ந்து கட்டமும் நட்சத்திரமும் போடும். மற்ற பள்ளிகளில் ஆமையோடு நின்றுவிட்டார்கள். ஜுபைதா புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் வரை போனாள். அந்தப் பாஷையில் எதையும் பட்டியலாக எழுதலாம், புதிதாக ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் மெஷின் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று அங்கே போட்டிருந்தது. அவளுக்கு உடனே பாட்டு ஞாபகம்தான் வந்தது. சுரம் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்று இரண்டு எண்கள் போதும். பிளஸ் ஒன் பெண்கள் கும்மியடிக்கும் ஒரு மெட்டைப் பதினாறு சுரமாகப் பட்டியல் போட்டாள். முதல் வரி அதுதான்.

மற்ற வரிகள் எல்லாம் வார்த்தைகள். ‘ஏத்து’ என்றால் மெட்டு முழுக்க மேலே போகும். ‘துரிதம்’ என்றால் நேரம் பாதியாகும். ‘அப்புறம்’ ஒரு மெட்டின் வாலில் இன்னொன்றைக் கட்டும். ‘கூட’ இரண்டையும் ஒரே நேரத்தில் பாட வைக்கும். எந்த வார்த்தையும் பழைய மெட்டைத் தொடாது. ஸ்டுடியோக்காரர் ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு சின்னதும் பெரிதுமாக எத்தனை போட்டோ போட்டாலும் நெகட்டிவ் அப்படியே இருக்கிறதில்லையா, அப்படி. ஒரு வார்த்தையின் வாயிலிருந்து வருவதை அடுத்த வார்த்தை வாங்கிக்கொள்ளும். பதினாறு சுரம், பத்து வார்த்தைகள். அதற்குள் பன்னிரண்டு நிமிஷப் பாட்டு இருந்தது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பதும், கூட்டம் வாங்கிப் பாடுவதும், இன்னொரு கூட்டம் இரண்டு அடி தள்ளி நுழைவதும், சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறுவதும் அதில் அடக்கம்.

பதினோராவது வரி டீச்சருடையது இல்லை. தீர்த்தம்மாளுடையது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண் அவள். கும்மியில் எடுத்துக் கொடுக்கிறவளும் அவள்தான். எதைப் பாட வேண்டும் என்பதைப் போலவே, அதை என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு வார்த்தையிடம் ஒப்படைத்துவிடலாமே என்று அவள்தான் கேட்டாள். ‘சுத்து’ என்று ஒரு வார்த்தை. அதனிடம் ‘துரிதம்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் துரிதம், ‘ஏத்து’ என்று கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஏத்தம். அன்றைக்கு ஜுபைதா டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். தனக்குத் தோன்றாதது இவளுக்குத் தோன்றிவிட்டதே என்று அத்தனை சந்தோஷம்.

ஆக எட்டு மாத வேலை, பதினொரு வரி. இதைப் பார்த்துத்தான் அந்த மனுஷர் ‘இவ்வளவுதானா’ என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பாட்டு ஒலித்தபோது அவர் கால் தாளம் போட்டதை ஜுபைதாவே பார்த்தாள். ஆனால் இருபது வருஷம் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து வந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் ரெக்கார்டு நோட்டைத் திறந்து பார்த்து மார்க் போடுகிற வாத்தியார் குறைவு. கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் இருபதுக்கு இருபது. அவரிடம் டவுன் பள்ளிக்கூடத்துக் கட்டு ஒன்று இருந்தது. அங்கே ஒரு பக்திப் பாட்டைச் சுரத்துக்கு ஒரு வரியாக நாற்பத்தெட்டுப் பக்கம் அடித்திருந்தார்கள். அதை ஒரு உள்ளங்கையிலும் ஜுபைதாவின் தாளை இன்னொரு உள்ளங்கையிலும் வைத்து, தராசு மாதிரி ஏற்றி இறக்கிக் காட்டினார்.

வேலை நடக்காத பள்ளியில் மெஷினை வைத்திருக்க முடியாது, மாற்றிவிடச் சொல்லி உத்தரவு இருக்கிறது என்று தன்மையாகத்தான் சொன்னார். பிப்ரவரி இருபதாம் தேதி மறுபடி வருவதாகவும், அதற்குள் முறையான ரெக்கார்டு தயாராக இருந்தால் சரி, இல்லையென்றால் மெஷின் டவுனுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

டவுன் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதுவும் பையன்கள் பள்ளிக்கூடம். மெஷின் பின்னாலேயே பஸ் ஏறிப் போக எந்த வீட்டிலும் பெண்ணை விடமாட்டார்கள். மெஷின் போனால் தீர்த்தம்மாளுக்கு எல்லாம் அதோடு முடிந்தது.

ஜீப் தூசி அடங்குவதற்குள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். நாலு பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டில் வருகிற சுரத்தையெல்லாம் ஒன்றுக்கு ஒரு வரி என்று எழுதச் சொல்லுங்கள், அவர் கேட்பது அவ்வளவுதானே என்றார். ஜுபைதா முடியாது என்றாள். சுருக்கி எழுதுவதற்குத்தான் எட்டு மாதம் ஆனது, அதை அவிழ்த்துப் பரப்பிப் போடுவதற்குப் பெயர் வேலையா என்று கேட்டாள். குரல் வராந்தா வரை போனது.

"டீச்சர், கத்தாதீங்க. மெஷின் வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க," என்றார் சின்னப்பன்.

ஜுபைதா விருட்டென்று வெளியே வந்தாள். கம்ப்யூட்டர் ரூமுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னாள். தீர்த்தம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாம எதுக்குங்க டீச்சர் எழுதணும்? மெஷினயே எழுதச் சொல்லிப்புடலாங்க," என்றாள்.

பன்னிரண்டாவது வரி அப்படித்தான் வந்தது. ‘கொட்டு’ என்று ஒரு வார்த்தை. மெட்டை வாசிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு சுரத்தையும் தனி வரியாக அச்சுப் பெட்டிக்கு அனுப்பும். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கிய கர்ர் சத்தம் பள்ளிக்கூடம் விட்டபோதும் நிற்கவில்லை. ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து தரையில் விழுந்தது. மொத்தம் அறுபத்து மூன்று பக்கம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜுபைதா சிரிக்கவில்லை. கோணி ஊசியால் தைத்துக் காலிகோத் துணி ஒட்டி, எடைக்குக் கேட்டீர்களே, இந்தாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பீரோவில் வைத்தாள்.

இருபதாம் தேதி கம்ப்யூட்டர் ரூமில் மாதேஸ்வரன் அந்தக் கட்டைக் கையில் வாங்கினார். திறக்கவில்லை. ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இது வேலை, இதல்லவா உழைப்பு என்றார். முதல் பக்கத்தில் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டார். ஹெட்மாஸ்டர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். அத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் கதை இல்லை. போகிற போக்கில் பிள்ளைகளிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசலாம் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற தீர்த்தம்மாளைக் கேட்டார்.

"நீ எத்தினி பக்கம் அடிச்சே?"

"நான் அடிக்கலீங்க சார். ஒரு வரிதானுங்க எழுதினேன். அறுவத்து மூணு பக்கமும் மெஷின் அடிச்சுதுங்க."

பெரிய மனுஷர் கேட்டார், உள்ளதைச் சொன்னாள். அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது. மாதேஸ்வரனின் பேனா மூடி பாதியில் நின்றது. சின்னப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"மலை மேலருந்து வர்ற புள்ளைங்க சார். இதுக்கு ஒண்ணும் தெரியாது. எதையாச்சும் உளறும்."

தீர்த்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜுபைதா வாயை மூடிக்கொண்டிருந்தால் மெஷின் மிச்சம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்து போட்டாகிவிட்டது. மசி காய்ந்துகொண்டிருந்தது. சின்னப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். ஒரு மாதமாகச் சேர்ந்த கோபம் அத்தனையும் பொங்கியது. ஆனால் வெளியே வந்தபோது குரல் தணிந்துதான் இருந்தது.

"அவளுக்குத்தான் தெரியும் சார். இந்த ரூம்ல நிக்கிறவங்கள்ல அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். இந்தக் கட்டுல ஒரு எழுத்துகூட நாங்க அடிக்கல. அவ எழுதின வரி மெஷின அடிக்க வெச்சுது."

பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். பாட்டு முழுக்க இரண்டு சுரம் மேலேறி ஒலித்தது. இதையும் அடிக்கச் சொன்னால் சாயங்காலத்துக்குள் இன்னொரு அறுபத்து மூன்று பக்கம் வரும், வேண்டுமா என்று கேட்டாள். டவுன் பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி சுரத்தை ஏற்ற வேண்டுமானால் நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டுமே, அதைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றாள்.

அவருக்கு அது புரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. மூன்று பேர் முன்னால் தான் தூக்கிப் பார்த்துப் பாராட்டிய கட்டைப் பற்றித்தான் அவருக்கு யோசனை இருந்திருக்கும். காதோரம் சிவந்துபோய், பச்சை மசிக் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"அப்ப எங்கள ஏமாத்தியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மாணவர்கள் கையால் செய்ய வேண்டிய பணியை ஆசிரியை இயந்திரத்தைக் கொண்டு செய்வித்து ஆய்வுக் குழுவைத் தவறாக வழிநடத்தியிருக்கிறார். மார்ச் முதல் தேதி வண்டி வரும். ஆயினும் மாணவர் நலன் கருதி, ஆசிரியை தம் கைப்பட மூன்று பிரதிகளில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இயந்திரம் இப்பள்ளியிலேயே இருக்க அனுமதிக்கப்படும்.

ஜுபைதா அதை மூன்று தடவை படித்தாள். கம்ப்யூட்டரை வேலை செய்யவிட்டதற்கு மன்னிப்பு. மாட்டை ஏரில் பூட்டியதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? வீட்டில் கணவர் அப்துல் ரஷீதிடம் காட்டினாள். அவருக்கு அவளைவிடக் கோபம் வந்தது. தப்பே செய்யாதபோது எழுதிக் கொடுக்காதே, வேலையே போனாலும் போகட்டும், கடை வருமானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைத்தான் அவளும் கேட்க விரும்பியிருந்தாள். ஆனால் கேட்ட பிறகும் மனசு ஆறவில்லை. எழுதாவிட்டால் தன் மானம் தன்னிடம் இருக்கும், மெஷின் டவுனில் இருக்கும். தீர்த்தம்மாள் எங்கே இருப்பாள்?

மறுநாள் முதல் பீரியடுக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ரூமில் உட்கார்ந்தாள். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். ‘இயந்திரத்தை வேலை செய்ய வைத்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன்’ என்று எழுதினாள். கையெழுத்துப் போடும்போது அழுத்திய அழுத்தில் மேல் தாளும் கார்பனும் கிழிந்தன. அடுத்த தாளில் வெறும் தழும்புதான் விழுந்தது. மறுபடி எழுதினாள். சின்னப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நல்லதுக்குத்தாங்க டீச்சர்," என்றார்.

"நான் எழுதிட்டேன் சார். அன்னிக்கு அந்தப் புள்ளைய ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு நீங்க எப்ப எழுதறீங்க?"

அவர் பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். அவள் அங்கேயே நின்றாள். பெல் அடித்தும் நின்றாள். கடைசியில் அவர் மேஜை டிராயரைத் திறந்து கம்ப்யூட்டர் ரூம் சாவியை எடுத்து வைத்தார். அவளுக்குக் கிடைத்தது அதுதான். எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று தீர்த்தம்மாள் கேட்டாள். டீச்சர் மறைக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

"தப்பு நம்மளுது இல்லீங்களே. அப்புறம் எதுக்குங்க டீச்சர் கையெழுத்து போட்டீங்க?"

"இந்தச் சாவிக்குத்தான். சிரிச்சிட்டியா? இப்ப என்கூடச் சேர்ந்து கொஞ்சம் கோவப்படு. அப்புறம் உட்காரு."

தீர்த்தம்மாள் உட்கார்ந்தாள். விசைகளைப் படபடவென்று அடித்தாள், கல்லில் துணி துவைக்கிற மாதிரி. மெதுவாக அடி, கெட்டுவிடும் என்று எப்போதும் அதட்டுகிற டீச்சர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.