அன்னாள் வரைந்த பூக்கள்

குழாய்களையும் மின்விசிறிகளையும் சரிபார்த்த ஊழியர் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். சுரங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஜெரால்டு அன்று சுரங்க நிர்வாகம் குடியிருக்கக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குக் குடிபெயர வேண்டும்.

அவர் மனைவி அன்னாள் தன் எம்பிராய்டரி மெஷினைப் பக்கத்து வீட்டுச் சந்திராவுக்குக் கொடுத்திருந்தாள். சந்திராவின் கணவன் வேலுமணி காண்ட்ராக்ட் தொழிலாளி. கால் முறிந்து படுத்திருந்தான். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பூவேலை செய்துதர ஒப்புக்கொண்ட ரவிக்கைகளின் கூலியைத்தான் அந்தக் குடும்பம் நம்பியிருந்தது.

மெஷின் நன்றாகவே ஓடியது. கணினியில் பூக்களை வரைந்து மெஷினுக்கு அனுப்பும் மென்பொருள்தான் மறுத்தது. அன்னாளின் கணினி எரிந்துபோனாலும், அவள் வரைந்த பூக்கள் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. சந்திராவின் மகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் அம்மென்பொருளை நிறுவியபோது, ‘இந்த உரிமம் வேறொரு கணினிக்கு உரியது’ என்று திரை அறிவித்தது.

அன்னாள் மென்பொருள் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“லைசென்ஸ் உங்க பேர்ல, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் மேடம். அவங்க புதுசா வாங்கணும்.”

“நான் காசு குடுத்துத்தானேங்க வாங்கினேன்?”

“பயன்படுத்துற அனுமதியத்தான் வாங்கினீங்க. நிபந்தனைக்கு ‘சம்மதம்’னு அழுத்தியிருக்கீங்களே.”

சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த ஜெரால்டு சிரித்தார். “அப்ப அதுவும் குவார்ட்டர்ஸ்தான். குடியிருக்கலாம், நம்மளுது இல்ல.”

“சும்மா இருங்க. வூட்டக் காலி பண்றப்ப நம்ம பீரோவ யாரும் உள்ள வெச்சுப் பூட்டல. அந்தப் பூவெல்லாம் நான் வரைஞ்சது.”

“வுடுங்கக்கா,” என்றாள் சந்திரா. “வேற எதனா வேல பாத்துக்கறேன்.”



சாமான் கட்ட வந்திருந்த அன்னாளின் தங்கை ஏஞ்சலின், பாலிடெக்னிக்கில் கணினி கற்பிப்பவள். “கட்டற்ற மென்பொருள் இருக்குன்னு போன வருஷமே சொன்னேன். ‘ஓசியில கெடைக்கறது எத்தினி நாளைக்கு வரும்’னு சிரிச்சியே அக்கா.”

“இப்ப சொல்லித் தொல.”

“காசு இல்லங்கறது சின்ன விஷயம். எத்தினி கம்ப்யூட்டர்ல வேணா போடலாம், யாருக்கு வேணா குடுக்கலாம். உள்ள எப்படி வேல செய்யுதுன்னு பாத்து மாத்தவும் செய்யலாம். யாரும் தடுக்க முடியாது.”

“அதுல என் பூ தெறக்குமா?”

ஏஞ்சலின் இல்லையென்று தலையசைத்தாள். “தெறக்காதுக்கா. அவங்க மென்பொருள் மட்டும் படிக்கிற மாதிரிதான் அது சேமிச்சிருக்கு.”

மடிக்கணினியில் ஏஞ்சலின் கட்டற்ற மென்பொருளை நிறுவினாள். அன்னாள் தன் பூ தைத்த பழைய ரவிக்கை ஒன்றை எதிரே விரித்துவைத்து, தான் முன்பே வரைந்திருந்த பூவை மறுபடி முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். அதை வரைந்து முடித்தபோது லாரி வந்து நின்றிருந்தது; ஜெரால்டும் இருமுறை கூப்பிட்டுவிட்டார்.

“ஒண்ணுதான் முடிஞ்சுது சந்திரா. கல்யாணத்துக்கு இத வெச்சு ஒப்பேத்து. மத்தத வரைய நானே பஸ் ஏறி வரேன்.”

“எல்லாத்தையும் திரும்ப வரையணுமாக்கா?”

“வரையணும். காசு குடுத்தோமே, நம்மளுதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். பக்கத்து வூட்டுக்குக் குடுக்க முடியாதது எப்படி நம்மளுதாவும்? இனிமே நீயாச்சும் ‘சம்மதம்’னு அழுத்தறதுக்கு முன்னாடி, ‘இத பக்கத்து வூட்டுக்குக் குடுக்க முடியுமா’ன்னு ஒரு தடவ கேட்டுக்க.”