ஜன்னலில் கடல் உண்டு

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை ஒரு போன் காலில் பிறந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பியை அவனுடைய அக்கா கூப்பிட்டாள். யாருடைய அக்கா, யார் அந்தத் தம்பி என்று இப்போதே குடையாதீர்கள். தம்பி நான் இல்லை. அவன் ஒரு வாரப் பத்திரிகையில் ‘எங்கே தங்கலாம்?’ என்ற பக்கத்தை எழுதுகிறவன். நானும் அப்படி ஒரு பக்கம் எழுதுகிறேன்தான். அதனால் என்ன? ஊரில் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள்.

“அடுத்த மாசம் உங்க ஊருக்கு வர்றேன்டா. ஆபீஸ்ல நாலு நாள் பயிற்சின்னு அனுப்புறாங்க. எங்க தங்குனா நல்லாருக்கும்?” என்றாள் அக்கா.

கூடப் பிறந்தவள் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ‘வீடு இருக்கும்போது இது என்ன கேள்வி?’ என்று அதட்ட வேண்டும். அதட்டுவதற்காகத்தான் கேட்பதே.

தம்பி வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, “லிஸ்ட் அனுப்புறேன்க்கா” என்றான்.

2

எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

முதல் முயற்சி: ‘கலங்கரை விளக்கத்தின் ஒளி நகரத்தை மெல்லத் தடவிச் சென்றது.’ (அக்கா வருவது பட்டப்பகலில். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘அவளுக்கு அந்தக் கடற்கரை நகரம் ஒரு’

ஒரு என்ன? யோசித்தேன், வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது: ‘தம்பி ஓர் அப்பாவி. அவனுக்குக் கேள்வி புரியவில்லை.’ இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் கேள்வியை வைத்தே பிழைக்கிறவன், பழக்கதோஷத்தில் அக்காவுக்கும் தொழில்முறையில் பதில் சொல்லிவிட்டான்! வாசகர்கள் சிரிப்பார்கள், மன்னித்தும் விடுவார்கள். இரண்டு பக்கம் மளமளவென்று ஓடியது. அப்போதுதான் என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

“அப்பாவியா? யாரு?”

“கதாபாத்திரம்மா.”

“கதாபாத்திரத்துக்குக் கேள்வி நல்லாவே புரிஞ்சுது. அண்ணி வந்தா ஜன்னலைத் தொறந்து பாத்துடுவாங்களேன்னு பயம். அதையும் எழுதுங்க.”

இரண்டு பக்கமும் வீண். சரி, எழுதுகிறேன்.

3

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று தம்பி போனில் சொன்னான்: “ஜன்னல்ல கடல் தெரியுதுக்கா!”

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. குளியலறை ஜன்னலடியில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றால், ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரியும். காற்றடித்தால் அசையும். கடல் என்று அவன் சத்தியமே செய்திருப்பான். இரண்டாம் வருடம் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போன அவன் மனைவி இறங்கி வந்து, “அது கடல் இல்லீங்க. பக்கத்து மாடித் தார்ப்பாய்” என்றாள்.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே முப்பது பெண்கள். நாள் முழுக்க நீராவியிலும் ஈரத்திலும் நிற்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி முகம் வாடியிருந்தாலும் இந்த வீட்டை ஒரு தடவைகூடப் பார்த்திராத அக்கா சொல்வது ஒன்றுதான்: “என் தம்பி வீட்டு ஜன்னல்ல கடல் இருக்குடி. ஒரு நாளைக்கு உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்.”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை வைக்குமுன் அவள் கேட்பாள். “கடல் எப்படிடா இருக்கு?”

“இருக்குக்கா. இன்னிக்குக் கொஞ்சம் கொந்தளிப்பு.”*

* அன்று பலத்த காற்று. தார்ப்பாயின் ஒரு மூலையில் கயிறு அவிழ்ந்திருந்தது.

லிஸ்ட் போன பிறகு அவளிடமிருந்து ‘சரிடா’ என்று ஒரு சொல் மட்டும் வந்தது. அதற்கப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறாள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. (அவனை.)

4

கதையின் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா வந்து இறங்குவதற்குள் இதை முடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும். படித்துவிட்டு அவள் சிரிக்க வேண்டும். சிரித்தால் வீட்டுக்கு வருவாள்.

ஆகவே லிஸ்டில் இருந்த விடுதிகளுக்குள் அக்காவைக் கதாபாத்திரமாக அனுப்பினேன். முதல் விடுதி துறைமுகத் தெருவில். கீழே மீன் ஏலம், மேலே மஞ்சளும் ஊதாவும் அடித்த பால்கனிகள், எதிரே நாள் முழுக்கப் பாட்டு அலறும் தேநீர்க்கடை. வர்ணனையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கா எதையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் விரிப்பின் மூலையை உருவி மோந்து பார்த்தாள். “ஈரத்தோட மடிச்சிருக்கான்.” வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது, கலங்கரை விளக்கத்து மேட்டில். “வெளுப்பு மருந்து அதிகம். ஆறு மாசத்துல கிழியும்.”

எழுதுகிறவன் நான்தானே? ஒரே வரியில் புத்தம்புது விரிப்பைப் போட்டேன். அவள் என்னையே திரும்பிப் பார்த்தாள். “கடையிலேர்ந்து வந்ததை ஒரு தடவைகூடத் துவைக்காம போட்டிருக்க. கஞ்சி அப்படியே இருக்கு.”

நான் என்னதான் செய்வது?

மூன்றாவது விடுதிக்குள் அவளை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம் உண்டு. தம்பி எந்த விடுதிக்கும் போய்ப் பார்த்து எழுதுகிறவன் இல்லை. போன் போட்டு, “கடல் தெரியுமா?” என்று கேட்பான். “பால்கனில நின்னு எட்டிப் பாத்தா தெரியும் சார்” என்பார்கள். பத்திரிகைப் பக்கத்தில் இடம் குறைவு. ‘எட்டிப் பாத்தா’ போய்விடும். ‘ஜன்னலில் கடல் உண்டு’ என்று அச்சாகும்.

5

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

(அ) ஜன்னல் ரிப்பேர் என்று சொல்லிப் பலகை அடித்துவிடலாம். நாலு நாள்தானே.

(ஆ) பக்கத்து மாடிக்காரரிடம் பேசித் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லலாம். கடல் அமைதியாக இருக்கும்.

(இ) அந்தக் கட்டடத்தையே தூக்கிவிடலாம். எழுத்தாளனுக்கு அரை வரி வேலை. ஆனால் அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நமக்கு ஏணி இரவல் கொடுப்பதும் அவர்கள்தான்.

(ஈ) தம்பி உண்மையைச் சொல்

போன் அடிக்கிறது.

6

“வந்து சேந்துட்டேன்டா” என்றாள் அக்கா. “உன் லிஸ்ட்ல மூணாவது இடம்.”

நாளை என்று நினைத்திருந்தேன். தேதியைக்கூட ஒழுங்காகக் கேட்டு வைத்துக்கொள்ளாத தம்பி நான். (அவன் என்று திருத்த வேண்டும். இருக்கட்டும், திருத்தத் தெம்பில்லை.)

“எப்படிக்கா இருக்கு?”

“விரிப்பு பரவால்ல. மூலையெல்லாம் ஒழுங்கா மடிச்சிருக்காங்க. யாரோ வேலை தெரிஞ்சவ.”

மூச்சு வந்தது.

“ஜன்னல்ல கடல் உண்டுன்னு போட்டிருந்தியே.”

“ஆமாக்கா.”

“ரெண்டு ஜன்னலையும் தொறந்து பாத்துட்டேன். ஒண்ணுல சுவரு, ஒண்ணுல ஜெனரேட்டரு. ரிசப்ஷன்ல கேட்டா, பால்கனிலேர்ந்து எட்டிப் பாருங்கம்மாங்கறாங்க. எட்டினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

“நீ இங்க வந்து பாத்துத்தான் எழுதுனியா?”

“இல்லக்கா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.  அவளோ, பேஷண்ட் ஒருவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“அப்ப ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டு ஜன்னல்ல கடல் இருக்காடா?”

7

வாசகரே, இந்த இடத்துக்கு மேல் என்னிடம் கதை இல்லை. போன் மேசைமேல் இருக்கிறது. லைன் கட் ஆகவில்லை. ‘இருக்கு’ என்று எழுதினால் அவள் நாலு நாளும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, முப்பது பெண்களிடம் போய்க் கடல் அழகு என்று சொல்வாள். எனக்காகச் சொல்வாள். ‘இல்ல’ என்று எழுதினால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரலாம், வராமலும் போகலாம். அவள் வர வேண்டும். எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைப் போய்ப் பதினோரு வருடக் கடலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உள்ளறையில் மனைவி கட்டிலுக்கு விரிப்புப் போடுகிறாள். நாலாவது மூலையை மூன்றாவது தடவையாகப் பிரித்து மடிக்கிறாள். நான் எழுதி முடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

ஒரே ஒரு சொல்தான். நீங்கள் எழுதுங்கள்:

அக்கா, ...............

சீக்கிரம். அக்கா லைனில் இருக்கிறாள். அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் எனக்குக் கேட்கிறது. அப்படியென்றால் இந்தப் பக்கத்துச் சத்தமும் அங்கே

“ஏங்க,” என்று மனைவி உள்ளிருந்து உரக்கக் கேட்டாள், “அண்ணி ஏறிப் பாக்கறதுக்கு அந்த பாத்ரூம் ஸ்டூலைத் துடைச்சு வைக்கட்டுமா?”

“எதுக்குடா ஸ்டூலு?” என்றாள் அக்கா.