டிரைவர் சொன்ன ஏழு

கண்டக்டர் வாயைத் திறந்தால் பேருந்தின் கடைசி இருக்கையில் குறட்டை விடுபவனும் எழுந்து நிமிர்ந்து உட்காருவான். அந்தப் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் டிரைவர். கண்டக்டரையே கல்யாணமும் செய்துகொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் ஒருவரையொருவர் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீடும் அவள் குரலுக்குத்தான் நகர்ந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அவளுடைய நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். 'தண்ணி', 'ஜன்னல்' என்று ஒற்றைச் சொல்லில் பேச்சை முடித்துக்கொண்டாள். பேசினால் மூச்சு வீணாகிவிடும் என்று பயந்த டிரைவர், அவளிடம் மற்றவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லத் தொடங்கினார். டாக்டர் கேட்டாலும் அவர்தான், பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரித்தாலும் அவர்தான். வாயில்லாப் பூச்சியாக இருந்த மனிதர் இரண்டு வருடத்தில் வக்கீலாகிவிட்டார்.

மருத்துவமனையில், நுரையீரல் நோயாளிகள் வீட்டிலிருந்தே செய்யும் எட்டு வாரப் பயிற்சி ஒன்றுக்கு அவள் பெயரைச் சேர்த்தார்கள். வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, டேப்லெட் திரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வருவாள். டிரைவர் அதைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து மேசைமேல் வைப்பார். கண்டக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவாள். பிறகு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். முடிந்ததும் அந்தப் பெண் கேட்பாள்:

"மூச்சு எவ்வளவு வாங்குதும்மா? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

கண்டக்டர் மூச்சைச் சேர்த்துக்கொள்வதற்குள், "ஏழு," என்பார் டிரைவர்.

ஏழு என்றால் அடுத்த நாள் பயிற்சியைக் கூட்ட மாட்டார்கள். இது அவருக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. அப்புறம் கேட்பானேன்? திங்கள் ஏழு, புதன் ஏழு, வெள்ளி ஏழு. பொய் சொல்கிறோம் என்றே அவர் நினைக்கவில்லை. அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் ஏழுக்குக் குறைவாக வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பிசியோ பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஐயா, ஆக்ஸிஜன் அளவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் நாளும் ஏழு, இன்னைக்கும் ஏழு. பயிற்சி அம்மாவுக்கு ஒத்துக்கலன்னு எழுதி நிறுத்தச் சொல்றாங்க. காத்துக்கிட்டிருக்கிறவங்க நிறைய பேர்."

டிரைவருக்குப் பகீரென்றது. பயிற்சி நின்றால் கால் வலுவிழந்து கட்டிலோடு போய்விடுவாள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தன் வாயாலேயே அவளைக் கட்டிலில் தள்ளிவிட்டோமே! ஏதாவது சொல்லத் துடித்தார்.

கண்டக்டர் திரைப்பக்கம் திரும்பினாள்.

"இந்தாம்மா, அந்த ஏழு என்னோடது இல்ல, இவரோடது. நடக்கிற எனக்கு மூணுதான் வாங்குது, உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கிற இந்த மனுஷனுக்குத்தான் ஏழு வாங்குது. அதுக்குப் போய் என் பேரை அடிச்சிடாதே!"

நடுவில் ஒரே ஒரு தடவைதான் மூச்சு எடுத்தாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"இப்பதான் பேசவே கத்துக்கிட்டாரு. பாவம்னு விட்டுட்டேன்."

பிசியோ பெண் சிரித்துவிட்டாள். பழைய ஏழுகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி எழுந்து உட்காரச் சொன்னாள். இந்தமுறை பத்துத் தடவைக்குப் பதில் பதினைந்து.

பன்னிரண்டில் கண்டக்டரின் முகம் சிவந்தது. பதினைந்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள்கள் வேகமாக ஏறி இறங்கின. கேள்வி வந்தது. டிரைவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பதில் வருவதாகக் காணோம். உலகத்தில் அதைவிட நீளமான நேரம் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"அஞ்சு," என்றாள் கண்டக்டர்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பயந்துட்டீங்களா, டிரைவரே?"

இது அவருக்கென்றே வந்த கேள்வி. டாக்டரிடமும் பக்கத்து வீட்டிலும் எத்தனையோ பேசியவர், இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆமா," என்றார். "ரெண்டு வருஷமா."

"நானும்தான்," என்று அவள் கையை நீட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.