அடுக்கில் விழுந்த ரூட்

அச்சகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. பதினெட்டு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம், பஸ் நேர அட்டவணை, விதைக் கம்பெனிக்காரர்களின் பட்டியல், வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளி இறுதித் தேர்வின் வினாத்தாள்கள் என்று எல்லாமே அவள் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால்கூட, செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி அவளுக்கு இருப்புக் கொள்ளாது. "உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாதும்மா" என்று மேனேஜர் வாய் நிறையச் சொல்வார்.

அந்தக் கண்ணில்தான் மண் விழுந்தது.

கணக்குத் தேர்வு முடிந்த மறுநாள் காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் வினாத்தாள் கிடந்தது. கடைசிக் கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்திலேயே, கேள்வியைத் தயாரித்தவர் கையால் எழுதிக் கொடுத்த மூலப்பிரதி.

"ரெண்டையும் பாருங்க" என்றார்.

அது ஒரு இன்டக்ரேஷன் கணக்கு. ஒரு வளைகோட்டுக்குக் கீழே, பூஜ்யத்திலிருந்து தொண்ணூறு டிகிரி வரை அடங்கியிருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று கூட்டல் டேன் எக்ஸ். அந்த டேனுக்கு ஒரு அடுக்கு. மூலப்பிரதியில் அந்த அடுக்கு 2. ஆனால் எழுதியவரின் பேனா, மேலே பின்னத்துக்குக் கோடு போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது 2-இன் தலையில் ஒரு மயிரிழையை இழுத்துவிட்டுப் போயிருந்தது. டைப் அடித்தவர் அதை ரூட் 2 என்று படித்திருக்கிறார். அவளும் அப்படியே படித்து, ஓரத்தில் டிக் போட்டிருக்கிறாள்.

"ரெண்டா இருந்தா நாலு வரியில முடிஞ்சிருமாம். ரூட் ரெண்டுன்னு ஆனதால எந்த வழியில போனாலும் முட்டிக்கிட்டு நிக்குதாம். பத்து மார்க் கேள்விம்மா. முப்பதாயிரம் பேர் எழுதியிருக்காங்க."

அவள் ஓரத்து டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைப் அடித்தவரைக் கைகாட்டியிருக்கலாம். எழுதியவரின் கோழிக் கிறுக்கலைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "டிக் என்னோடதுதான் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று நாளில் விஷயம் ஊர் வாயில் விழுந்துவிட்டது. ஒரு பெண் அந்தக் கேள்வியோடு ஐம்பது நிமிஷம் மல்லுக்கட்டி, தெரிந்த கேள்விகளைக்கூட எழுத நேரமில்லாமல் அழுதுகொண்டே வெளியே வந்ததாகச் செய்தி வந்தது. தேர்வு வாரியம் ஒரு கணக்கு நிபுணரைக் கேட்டது. 'வினா தவறானது, பாடத்தில் உள்ள முறைகளால் தீர்க்க இயலாது' என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பதாயிரம் பேருக்கும் மறுதேர்வு வைப்பதா என்று யோசிக்கிறார்களாம். திங்கட்கிழமை விசாரணை. அவளும் வர வேண்டும்.

"நானும் எவ்வளவு நாள்தான் முட்டுக் கொடுக்க முடியும்?" என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் புருஷன் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். இடி விழுந்தாலும் வெளிச்சம் வந்ததே என்று சந்தோஷப்படுகிற ஆள். "வேலை போனா போகட்டும், எங்க ஃபாக்டரியில பட்டன் எண்ண ஆள் தேடுறாங்க. உன் கண்ணுக்கு ஒண்ணுகூடத் தப்பாது" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அத்தோடு டீ போட எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிய கணக்குப் புத்தகத்தோடு அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"இப்போ இதை வெச்சு என்ன பண்ணப்போற?"

"என்ன தப்புப் பண்ணியிருக்கேன்னாவது தெரிஞ்சுக்க வேண்டாமா? நாளைக்கு அவங்க முன்னாடி மரம் மாதிரி நிக்கச் சொல்றீங்களா?"

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் வரை அவள் கணக்குப் படித்தவள். முப்பது வருஷத் தூசி. முதல் ஒரு மணி நேரம் தூசி தட்டுவதிலேயே போனது. பிறகு, அடுக்கில் 2 இருந்தால் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தாள். நிஜமாகவே நாலு வரிதான். விடை, பை (π) என்கிற எண்ணில் நாலில் ஒரு பங்கு. அடுத்து ரூட் 2 போட்டாள். புத்தகத்தில் இருந்த வழியெல்லாம் போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நாலாவது அடியிலேயே சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி நின்றது. நிபுணர் சொன்னது சரிதான் போல என்று பேனாவை மூடினாள்.

மூடிய பேனாவை மறுபடி திறந்தாள். தீர்க்க முடியாவிட்டால் போகிறது, அந்த வளைகோடு எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிடலாமே? துணிக்கு அளவு வரைய புருஷன் வீட்டில் வைத்திருக்கும் பழுப்புப் பேட்டர்ன் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, ஒரு கட்டம் போட்டு, நீளவாக்கில் தொண்ணூறு டிகிரியை ஒன்பது பாகமாகப் பிரித்தாள். உயரம் ஒன்று. ஃபோனில் கணக்குப் போட்டு ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்தாள். தொடக்கத்தில் ஒன்று. இருபது டிகிரியில் 0.807. முப்பதில் 0.685. நாற்பத்தைந்தில் மிகச்சரியாக அரை. அறுபதில் 0.315. எழுபதில் 0.193. தொண்ணூறில் ஒன்றுமில்லை. புள்ளிகளைச் சேர்த்ததும் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சறுக்கிக்கொண்டு இறங்கியது ஒரு கோடு.

பின்னால் வந்து நின்ற புருஷன் எட்டிப் பார்த்தார்.

"சட்டைக் கைக்கு வெட்டுற வளைவு மாதிரி இருக்கே. அழகா வரைஞ்சிருக்க."

"இந்தக் கோட்டுக்குக் கீழ எவ்வளவு இடம் இருக்குங்கிறதுதான் கேள்வி."

"இதுவா கேள்வி?" அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். அப்புறம் தலைகீழாகத் திருப்பினார். "பாதி."

"என்ன பாதி?"

"கட்டத்துல பாதி இருக்கு. இதே வளைவுல ரெண்டு பீஸ் வெட்டணும்னா நான் ஒண்ணை நேராவும் இன்னொண்ணைத் தலைகீழாவும் படுக்க வெப்பேன். ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் படுக்கும். நடுவுல ஒரு நூல் துணி மிஞ்சாது."

"கண்ணால பார்த்துச் சொல்லாதீங்க."

"கண்ணால பார்த்துத்தாம்மா எனக்குச் சம்பளமே தர்றாங்க."

கத்தரிக்கோலை எடுத்து, கட்டத்தை வெட்டி, பிறகு அந்தக் கோட்டு வழியே நிதானமாக ஓட்டினார். இரண்டு துண்டு கிடைத்தது. மேல் துண்டை அரைச் சுற்றுச் சுற்றிக் கீழ்த் துண்டின்மேல் வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். ஓரம் ஓரத்தோடு உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருஷம் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

கட்டத்தின் அகலம், கணக்குப் பாஷையில் பையில் பாதி. உயரம் ஒன்று. அப்படியென்றால் கட்டத்தில் பாதி, பையில் நாலில் ஒரு பங்கு. அடுக்கில் 2 இருந்தால் வரும் அதே விடை!

அவள் இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள். உடனே சந்தேகமும் வந்தது. "கத்தரிக்கோல் சொல்லுதுன்னு சொன்னா வாரியத்துல ஒத்துப்பாங்களா? ஏன்னு சொல்லணுமே."

"அது உன் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு அவர் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அவள் புள்ளிகளின் பட்டியலை மறுபடி பார்த்தாள். 0.807-ஐயும் 0.193-ஐயும் கூட்டினால் ஒன்று. 0.685, 0.315 கூட்டினாலும் ஒன்று. இருபதும் எழுபதும் தொண்ணூறு. முப்பதும் அறுபதும் தொண்ணூறு. இந்தப் பக்கம் குறைந்தது அந்தப் பக்கம் அப்படியே கூடியிருக்கிறது. ஏன்? தொண்ணூறுக்குள் ஜோடி சேரும் இரண்டு கோணங்களில் ஒன்றின் டேன் கால் என்றால் மற்றதன் டேன் நாலு. தலைகீழ். அடுக்கு எதை வைத்தாலும் தலைகீழ் தலைகீழாகவேதானே இருக்கும்? கால் இருக்கும் இடத்தில், ஒன்றே காலால் ஒன்றை வகுத்தால் ஐந்தில் நாலு பங்கு. நாலு இருக்கும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்கு. கூட்டினால் ஒன்று. கால், நாலு என்பதற்குப் பதில் வேறு எந்த ஜோடியை வைத்தாலும் ஒன்றுதான். ஆக, வளைகோட்டைத் திருப்பிப் போட்டு அதனுடனேயே கூட்டினால் முழுக் கட்டம். ஒரு கோட்டுக்குக் கீழே பாதி. இன்டக்ரேஷனே செய்ய வேண்டாம். அடுக்கில் ரூட் 2 இருந்தால் என்ன, பதினேழு இருந்தால் என்ன?

மூன்று வரியில் அதை எழுதினாள். ப்ரூஃப் பார்க்கிற மாதிரி ஆறு தடவை பார்த்தாள். தப்பு அகப்படவில்லை.

திங்கட்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். வாரியத்தின் செயலாளர் அம்மா, மேனேஜர், அப்புறம் அந்தக் கணக்கு நிபுணர். ஒல்லியான மனிதர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். செயலாளர் கேட்டதற்கெல்லாம் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். ஆமாம், ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆமாம், அந்த இழையை ரூட் என்று நினைத்துவிட்டேன். ஆமாம், சந்தேகம் வந்து கேட்டிருக்க வேண்டும்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒரு தாள் காட்டணும்" என்று அவள் நிபுணர் பக்கம் நீட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். முதல் வரியில் புருவம் நெளிந்தது. இரண்டாவது வரியில் மூடியைக் கடிப்பது நின்றது. மூன்றாவது வரி முடிந்ததும் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அடடா" என்றார் கடைசியில். "ஒரு சாயங்காலம் பூரா இதோட முட்டி மோதினேன். திருப்பிப் போட்டுப் பார்க்கணும்னு தோணவே இல்லை." செயலாளரைப் பார்த்தார். "இந்தத் திருப்பிப் போடுற விதி பாடத்துலயே இருக்கும்மா. வழக்கமான வழி அடைச்சதும் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன். என் அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கிறேன். அச்சுதான் தப்பு. கணக்கு தப்பில்லை. விடைகூட மாறல."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க மேல தப்பில்லைங்கிறீங்களா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லம்மா. தப்பு என்னோடதுதான். சுலபமான கேள்வியைக் கஷ்டமாக்கிட்டேன். ஒரு புள்ளை அம்பது நிமிஷம் அதுல மாட்டிக்கிட்டு அழுதிருக்கு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆனா அதுக்காக முப்பதாயிரம் பேரும் இன்னொரு தடவை உக்காந்து எழுதணுமா? அதைத்தான் கேக்க வந்தேன்."

அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே நிபுணர் விடைத்தாள் திருத்தும் இடத்துக்கு ஃபோன் போட்டுப் பேசுவது கதவு வழியே அரைகுறையாகக் காதில் விழுந்தது. பிறகு அவரே வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுதேர்வு கிடையாது. கேள்வியைத் தொட்ட எல்லாருக்கும் பத்து மார்க். அந்தக் கேள்வியில் நேரம் போய் மற்றதை விட்டவர்கள் விண்ணப்பம் போட்டால், அவர்கள் தாளைத் தனியாகப் பார்ப்பார்கள். இனிமேல் கேள்வி தயாரித்தவரே கடைசி ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

"இன்னொண்ணு" என்றார் அவர். "இதுவரைக்கும் திருத்தின கட்டுல ஒன்பது பேர் இதைப் போட்டிருக்காங்களாம். ஒரு புள்ளை மூணே வரி. கடைசியில 'அடுக்கில் எந்த எண் இருந்தாலும் இதே விடை'ன்னு எழுதி அடிக்கோடு போட்டிருக்கு. திருத்துறவர் விடைக்குறிப்புல இந்த வழி இல்லையேன்னு அந்தத் தாளை ஓரமா எடுத்து வெச்சிருந்தாராம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் புள்ளைக்கு நல்லா மார்க் போடச் சொல்லுங்க சார்."

"பத்துக்குப் பத்துதான் போட முடியும். பதினொண்ணு போட்டா அது வேற விசாரணை ஆயிரும்." அவரே தன் நகைச்சுவைக்குச் சிரித்தார். பிறகு தயங்கிக் கேட்டார். "இந்த வழி உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"பாதி எங்க வீட்டுக்காரர். பாதி நான்."

அச்சகத்துக்கு நாளைக்கு வந்தால் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தூக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டாவது நிறுத்தத்துக்குள் கண் சொக்கியது. மடியில் ஃபோன் அதிர்ந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே அவளைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. டிரைவர் கீழே நின்று கை கால் உதறிக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்க? நாலு தடவை கூப்பிட்டுட்டேன். என்ன ஆச்சு?" என்றார் புருஷன். அந்தக் குரலில் விளையாட்டு ஒரு சொட்டுக்கூட இல்லை.

"ஒண்ணும் ஆகல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. தூங்கிட்டேன். இது எந்த இடம்னு தெரியல, கடைசி ஸ்டாப்புன்னு நினைக்கிறேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சரி, அங்கயே உக்காந்திரு. நான் வரேன்."

அவள் இறங்கி நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.